யாரும் திரும்பிப் பார்க்காத வாசனை

நொச்சிமேட்டில் வெட்டிவேர்த் தைலம் காய்ச்சுகிற செங்கமலம் டீச்சருக்கு வயது முப்பத்துநாலு. அவரிடம் தொழில் கற்க வந்த தணிகாசலத்துக்கு நாற்பத்தொன்பது. குரு சீடரை "அண்ணே" என்று கூப்பிட்டார். சீடர் குருவை "டீச்சர்" என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. டீக்கடையில்தான் கொஞ்சம் சிரித்தார்கள்.

செங்கமலம் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். வேலையை விட்ட பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. கடலூருக்குத் தெற்கே, அலைச் சத்தம் கேட்கிற மணல் நிலத்தில் எட்டு ஏக்கர் வெட்டிவேர் போட்டிருந்தார். நடுவில் தகரக் கொட்டகை, அதற்குள் பாய்லர். பக்கத்தில் வேர் அடுக்குகிற குடோன். ஆண்களுக்கான சென்ட் செய்கிற கம்பெனிகள் அவருடைய தைலத்துக்குக் காத்துக் கிடந்தன. சில கம்பெனிகள் கலவையையும் அவரே செய்து தரட்டும் என்று விட்டுவிட்டன. அவருடைய மூக்கு அப்படி.

தணிகாசலம் சென்னையில் ஒரு பெரிய சென்ட் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். எந்த மாப்பிள்ளைக்கு எந்த பாட்டில் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார். சொந்தமாக ஒரு சென்ட் செய்ய வேண்டும் என்று பங்குனி முதல் வாரத்தில் ஒரு பையோடு வந்து இறங்கினார்.

வந்த அன்றே கை கட்டி நின்று கேட்டார்.

"டீச்சர், ஒரு கேள்வி. ரொம்ப வருஷமா மனசுல கெடக்குது."

"கேளுங்கண்ணே."

"ஆம்பளைங்களுக்கு வெட்டிவேர் வாசனை ஏன் இவ்ளோ பிடிக்குது?"

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"நான் கடையில பாத்ததச் சொல்றேன்" என்றார் தணிகாசலம். "அத்தர் வாங்கினவன் அடுத்த தடவ கஸ்தூரி கேப்பான். கஸ்தூரி வாங்கினவன் புதுசா வந்தது என்னன்னு கேப்பான். வெட்டிவேர் வாங்கினவன் மட்டும் காலி பாட்டிலக் கையில எடுத்துக்கிட்டு வருவான். இதேதான் வேணும்பான். ஏன் சார்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது."

"என்னதான் சொல்வாங்க?"

"தெரியலம்பாங்க. பழகிப்போச்சும்பாங்க. பாதிப் பேர், வீட்டுல இதையே வாங்கிட்டு வரச் சொன்னாங்கம்பாங்க. அதெல்லாம் ஒரு காரணமா டீச்சர்?"

டீச்சர் கொட்டகைக்குள் போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"மூணாவது வரிசை வெட்டாம பாக்கி இருக்குண்ணே."

வெட்டிவேர் வெட்டுவது வெளியிலிருந்து பார்க்க எளிது. மேலே இருக்கிற புல்லைப் பிடித்து இழுத்தால் புல்தான் கையோடு வரும், வேர் வராது. சுற்றிலும் முழங்கால் ஆழம் மணலைத் தள்ளி, அடியில் கை விட்டு, கொத்தாகத் தூக்க வேண்டும். தணிகாசலம் முதல் கொத்தை இழுத்துப் பாதியில் அறுத்தார். இரண்டாவதையும் அறுத்தார். மூன்றாவதுக்கு மண்வெட்டியைத் தூரப் போட்டுவிட்டு, மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். மேலே மணல் சுட்டது. அடியில் ஜில்லென்று இருந்தது. மழை பெய்து ஓய்ந்த தெருவின் வாசனை அங்கிருந்து ஏறி வந்தது.

மாலையில் டீச்சர் வந்து பார்த்தார்.

"காரணம் தெரிஞ்சுதாண்ணே?"

"முதுகுவலி தெரிஞ்சுது டீச்சர்."

"சரி. அதுவும் வேணும்."

ஒன்பது நாள் வெட்டினார். பிறகு ஆறு நாள் வேரை அலசினார். அலசிய வேரைக் காயப் போட்டார், காய்ந்ததைக் கட்டினார், கட்டியதை பாய்லருக்குள் அடுக்கினார். படுக்கை குடோனிலேயே, வேர் மூட்டைகளுக்கு நடுவில். தைலம் முதல் தடவை குழாயிலிருந்து சொட்டியபோது, தேன் நிறத்தில் கெட்டியாக விழுந்த அந்தச் சொட்டைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு துடைத்தார்.

"புகை" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். புகைதான்."

பாய்லர் அன்று புகையே விடவில்லை.

அவர் இந்தப் பாடெல்லாம் படுவதற்குக் காரணம் வீட்டில் இருந்தது.

மனைவி கோமளாவுக்கு ஒற்றைத் தலைவலி. சென்ட் வாடை பட்டால் போதும், நெற்றி தெறிக்கும், வாந்தி வரும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் எழுந்திருக்க அரை நாள் ஆகும். சென்ட் கடைக்காரருக்கு இப்படி ஒரு மனைவி வாய்த்ததைச் சொல்லி உறவுக்காரர்கள் சிரித்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து தணிகாசலம் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் திணித்து, குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். அப்படியும் கோமளா தள்ளித்தான் உட்காருவாள்.

"இன்னைக்கு எத்தனை பேரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்பாள். "நாப்பது பேர் வாடை அடிக்குது."

கோபமாகச் சொல்ல மாட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். தணிகாசலத்துக்கு அதுதான் இன்னும் வலித்தது.

இப்போது மகள் இந்துஜாவுக்குக் கல்யாணம். வைகாசி பத்து. ஊரில் உள்ள எத்தனையோ மாமனாருக்கு மணக்க மணக்கப் பூசி அனுப்பியவர், தன் மகள் கல்யாணத்தில் வெறும் சோப்பு வாசனையோடு நிற்க அவருக்கு மனம் வரவில்லை. தானே செய்த ஒரு சென்டைப் பூசிக்கொண்டு, மனைவி பக்கத்தில், ஒட்டி, நிற்க வேண்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது.

கோமளாவிடம் கேட்டார்.

"போடுங்க" என்றாள். "ஆனா எனக்குத் தலைவலி வந்துச்சுன்னா தாலி கட்டுறத என்னால பாக்க முடியாது. ரூமுக்குள்ள படுத்திருப்பேன். பெத்த பொண்ணு கல்யாணம். பாத்துச் செய்யுங்க."

இந்த வார்த்தையைத்தான் அவர் பையோடு சேர்த்து நொச்சிமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். டீச்சரிடமும் முதல் வாரமே சொல்லிவிட்டார். டீச்சர் "ம்" என்றார்.

நொச்சிமேட்டில் சென்டுக்குப் பரீட்சை பஸ்ஸில் நடக்கும். டீச்சரின் வழக்கம் அது. காகிதச் சீட்டில் தொட்டு முகர்ந்து பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. செய்தவர் தன் கழுத்தில் பூசிக்கொண்டு, காலை எட்டு மணி மினி பஸ்ஸில் ஏறி, கடலூர் வரை போய், அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். நடந்ததை வந்து சொல்ல வேண்டும்.

தணிகாசலம் சித்திரை பிறந்ததும் முதல் சென்டைச் செய்தார். அடியில் வெட்டிவேர், மேலே ரோஜா, நடுவில் குங்குமப்பூ, போதாதென்று அகில். கழுத்திலும் மணிக்கட்டிலும் பூசிக்கொண்டு பஸ் ஏறினார். பதினொரு மணிக்கு முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பி வந்தார்.

"எத்தனை பேர் திரும்பிப் பாத்தாங்கண்ணே?"

"பதினேழு பேர் டீச்சர். நானே எண்ணினேன். கண்டக்டர், எந்த மண்டபம்ணே, நானும் வர்றேன்றார்."

"கொட்டிடுங்க."

"டீச்சர்?"

"தென்னமரத்தடியில கொட்டுங்க. பாத்திரத்த நல்லாக் கழுவுங்க."

அடுத்த வாரம் இரண்டாவதைச் செய்தார். ரோஜாவும் அகிலும் போயின. எலுமிச்சை, புதினா, மிளகு வந்தன. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் திரும்பவில்லை. ஆனால் பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பொன்னம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"எங்கூடைய விட உன் வாடை தூக்கலா கீதுய்யா" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

அதை டீச்சரிடம் அப்படியே ஒப்பித்தார்.

"பொன்னம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர்.

தணிகாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"டீச்சர், இருபத்திரண்டு வருஷம் சென்ட் வித்தவன் நான். எது போகும் எது போகாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"எப்படி விப்பீங்க?"

"மணிக்கட்டுல ஒரு சொட்டு வைப்பேன். மோந்து பாருங்க சார்னு சொல்வேன்."

"யாரு மோந்து பாப்பாங்க?"

"வாங்க வந்தவர்தான்."

"கூட வந்தவங்க?"

"வீட்டம்மாவா? அவங்க ஓரமா நாற்காலியில உக்காந்திருப்பாங்க."

டீச்சர் தலையை ஆட்டினார். பாய்லருக்கு விறகு போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். இப்படிப் பாதியில் எழுந்து போவது அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் என்று தணிகாசலம் நினைத்தார்.

சித்திரைக் கடைசியில் கடலூர் தையற்காரர் கல்யாணச் சட்டையைத் தைத்துக் கொடுத்தார். சந்தன நிறப் பட்டு. தணிகாசலம் அதை வேட்டியோடு சேர்த்துக் குடோன் ஆணியில் மாட்டினார். மாட்ட வேறு இடம் இல்லை.

"சட்டைய எங்க வச்சிருக்கீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"குடோன்லதான். அழுக்காயிடுமா டீச்சர்?"

"ஆகாது. அங்கயே இருக்கட்டும்."

மூன்றாவது சென்டில்தான் வினை வந்தது.

இந்தத் தடவை வெட்டிவேரை மட்டும் நம்புவது என்று முடிவு செய்திருந்தார். துணைக்குக் கொஞ்சம் எலுமிச்சைத் தோல், அவ்வளவுதான். கலந்தார், முகர்ந்தார். எலுமிச்சை தெரிந்தது, வெட்டிவேர் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார், தெரியவில்லை. இரண்டு மடங்கு ஊற்றினார். கண்ணை மூடி முகர்ந்தார். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஐந்து மடங்கு ஊற்றினார். கல்யாணத்துக்கு நாலே நாள் இருந்தது.

பாட்டிலை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார். டீச்சர் மூடியைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். இருமினார். வெளியே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இன்னைக்கு பஸ் வேணாம்ணே" என்றார். "பஸ்ல வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க."

"வாசனையே இல்லையே டீச்சர்."

"இல்லையா?"

"இல்ல. சுத்தமா இல்ல. தைலத்துல உயிரே இல்ல." அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "நல்ல தைலத்தக் கம்பெனிக்கு அனுப்பிட்டீங்க. எனக்குக் கழிசலக் குடுத்துட்டீங்க. ரெண்டு மாசம் மாடு மாதிரி உழைச்சிருக்கேன். எம்பொண்ணு கல்யாணம்னு சொன்னேன் இல்ல?"

கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஊருக்குக் கெளம்புங்கண்ணே."

"சென்ட்?"

"ஒண்ணும் வேணாம். குளிங்க. அந்தச் சட்டையப் போடுங்க. பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணுங்க. வந்தப்புறம் பேசுவோம்."

தணிகாசலம் சட்டையையும் வேட்டியையும் சுருட்டிப் பையில் வைத்தார். போய் வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. இவ்வளவு பாடுபட்டும் வெறுங்கையோடு போகிறோமே என்று முனகிக்கொண்டே நடந்தார்.

பஸ்ஸில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள், ஒன்றும் பூசவில்லையே என்று நினைத்துக்கொண்டார். நடுவழியில் பொன்னம்மா கூடையோடு ஏறினாள். பஸ்ஸில் ஏழெட்டு சீட் காலியாக இருந்தது. அவள் வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டரும் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு, இவர் சீட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டு கடலூர் வரை நின்றார். தணிகாசலம் இருந்த மனநிலையில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வைகாசி பத்து, அம்பத்தூரில் மண்டபம். காலை ஏழரைக்கு முகூர்த்தம். ஃபேன் சுற்றுகிறதே தவிரக் காற்று இல்லை. ஓமப் புகை வேறு. தணிகாசலம் சந்தன நிறச் சட்டையில் வியர்த்து வழிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோமளா. ஐயர் சொன்னதற்காக இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர் மந்திரத்தைக் கேட்கவில்லை. கோமளாவின் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை நெற்றிப் பக்கம் போனால் இவர் ரூம் கதவைப் பார்த்தார். இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் பொட்டைச் சரிசெய்யத்தான்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

"என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடல."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமாப் போடல கோமளா. வெறும் சோப்பு. ஏன், தலை வலிக்குதா?"

அவள் பதில் சொல்வதற்குள் கெட்டிமேளம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். அட்சதை பறந்தது. இந்துஜா கழுத்தில் தாலி ஏறியது. கோமளா முழுசாகப் பார்த்தாள். மூன்றாவது முடிச்சு வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு திரும்பி அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். கையில் கைக்குட்டை இருந்தது. ஆனாலும் கண்ணை அவர் சட்டையில்தான் துடைத்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தணிகாசலத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த நிமிஷம் முடிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

போட்டோ எடுப்பவர் வந்தார். இதுவரை எடுத்த எந்தப் படத்திலும் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருக்கும். குடும்ப ஆல்பத்தைப் புரட்டினால் தெரியும். இன்று கோமளா அவர் தோளை விட்டு நகரவில்லை.

"அம்மா, கொஞ்சம்..." என்று ஆரம்பித்த போட்டோக்காரர், "சரிம்மா, அப்படியே நில்லுங்க" என்று முடித்துக்கொண்டார்.

மத்தியானம் மகளை மாப்பிள்ளை வீட்டில் விட வேனில் திண்டிவனம் போனார்கள். செங்கல்பட்டு தாண்டும்போது கோமளா அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். திண்டிவனம் வரை எழுந்திருக்கவில்லை. தணிகாசலத்துக்கு இடது கை மரத்துப்போனது. ஓர் ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அதையும் விரட்டாமல் இருந்தார். பின்சீட்டிலிருந்த கோமளாவின் சித்தப்பா, "மாப்ள, தண்ணி வேணுமா?" என்று கேட்டதற்குக் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

வேன் நின்றதும் கோமளா விழித்தாள். கூச்சத்தோடு சேலையைச் சரிசெய்தாள். இறங்குவதற்கு முன் மெதுவாகச் சொன்னாள்.

"இந்தச் சட்டையத் தோய்க்கப் போட்டுடாதீங்க."

ஒரு வாரம் கழித்துத் தணிகாசலம் ஒரு டப்பா லட்டோடு நொச்சிமேட்டுக்குத் திரும்பினார். பஸ் கடலூரைத் தாண்டி, சவுக்குத் தோப்பில் திரும்பியது. நொச்சிமேடு வர இன்னும் ஒரு மைல் இருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. அவர் சீட்டிலிருந்து எழுந்துவிட்டார். வெட்டிவேர். ஈர மணலும் புகையும் கலந்த அந்த வாசனை, ஒரு தோப்பு முழுக்க, ஒரு பஸ் முழுக்க.

"கண்டக்டர், இந்த வாசனை இங்க எப்பவும் அடிக்குமா?"

கண்டக்டர் அவரை வேடிக்கையாகப் பார்த்தார்.

"எப்பவும் அடிக்கிறதுதாண்ணே. ரெண்டு மாசமா உங்க கூட பஸ்ஸுலயும் ஏறுது. போன வாரம் நீங்க வரல. பஸ்ஸே மொட்டையா இருந்துது."

தணிகாசலம் மறுபடியும் உட்கார்ந்தார். தன் முழங்கையை முகர்ந்து பார்த்தார். வேர் அடுக்கிய கை, வேர் மூட்டைமேல் படுத்த முதுகு, வேருக்கு நடுவில் பத்து நாளுக்கு மேல் தொங்கிய சட்டை. ஊருக்கெல்லாம் வந்த வாசனை அவருக்கு மட்டும் வராமல் போயிருக்கிறது. ஐந்து மடங்கு ஊற்றிய பாட்டில் ஞாபகம் வந்தது. டீச்சர் குடித்த தண்ணீரும் ஞாபகம் வந்தது. தனியாகச் சிரித்தார்.

டீச்சர் கொட்டகை வாசலில் வேரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம் லட்டு டப்பாவை நீட்டினார்.

"தைலம் நல்ல தைலந்தான் டீச்சர்."

"தெரியும்ணே."

"உங்களத் திட்டிட்டேன்."

"கேட்டுது. நாலு பேர் சாட்சி." டீச்சர் டப்பாவைத் திறந்தார். "தாலி கட்டுறத அக்கா பாத்தாங்களா?"

"பாத்தா. முழுசாப் பாத்தா."

அதன் பிறகு டீச்சர் கேட்காமலேயே தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சட்டையில் கண் துடைத்ததைச் சொன்னார். போட்டோக்காரரைச் சொன்னார். செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை சொல்வதற்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். டீச்சர் வேரைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஈ உட்கார்ந்த இடம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார்.

"போங்கண்ணே. மூக்கு ஊருக்குப் போயிட்டு வந்திருக்கு. அது மறுபடி தூங்கறதுக்குள்ள கலந்துட்டு வாங்க."

தணிகாசலம் உள்ளே போனார். கால் மணி நேரத்தில் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். டீச்சர் மூடியைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை. அப்படியே கையில் வைத்திருந்தார்.

"எவ்வளவு தைலம் விட்டீங்க?"

"அன்னைக்கு ஊத்தினதுல பத்துல ஒரு பங்கு. எலுமிச்சத் தோல் கொஞ்சம். வேற ஒண்ணும் இல்ல."

"பஸ்ஸுக்கு எப்பப் போறீங்க?"

"பஸ் வேணாம் டீச்சர். வியாழக்கெழம கோமளா இங்க வரா. நாலு நாள் தங்கிட்டுத்தான் போவேன்னு சொல்லிட்டா."

டீச்சர் பாட்டிலை மூடி அவர் சட்டைப் பையிலேயே போட்டார். தான் தேறிவிட்டது தணிகாசலத்துக்குப் புரிந்தது. ஆனாலும் நகரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இன்னும் என்னண்ணே?"

"வந்த அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன். மண்வெட்டியக் குடுத்தீங்க."

"ஆமா."

"இப்பவாச்சும் சொல்லுங்க. ஆம்பளைங்களுக்கு வெட்டிவேர் ஏன் இவ்ளோ பிடிக்குது?"

டீச்சர் ஒரு லட்டை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்று முழுங்கினார்.

"ஆம்பளைங்களுக்குப் பிடிக்குதுன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது?"